இரண்டு பேருக்கு ஒரு கோட்டு

நேற்று மழைக்கு ஒதுங்கிய இடத்தில் ஒரு வக்கீல் பக்கத்தில் வந்து நின்றார். நனைந்த கறுப்புக் கோட்டின் வாடை, ஈரக் கம்பளியும் பழைய வேர்வையும் கலந்தது, எங்கிருந்தாலும் எனக்குத் தெரிந்துவிடும். கோட்டு அவருடையது. நான் இரண்டடி தள்ளி நின்றேன்.

முப்பதுகளில் புதுச்சேரி பிரெஞ்சுக்காரன் கையில் இருந்தது. கொலேழ் என்று நாங்கள் சொல்லும் பெரிய பள்ளிக்கூடம் ஒன்றில் நான் மணிக்கணக்கு வாத்தியார். அதாவது, நடத்துகிற மணிக்கு மட்டும் வேலை, மற்றபடி யாரோ. நிரந்தர வாத்தியார்களுக்கு அறை உண்டு, அலமாரி உண்டு, தொப்பி மாட்ட ஆணிகூட உண்டு. எங்களுக்குத் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் மர நிழல். பாடம் நடத்துவது எப்படி என்று யாரும் சொல்லித் தரவில்லை. சாக்பீஸைக் கையில் கொடுத்து வகுப்பைக் காட்டினார்கள். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொன்னார்கள்: கோட்டுப் போடாதவன் வகுப்பு வாசலைத் தாண்டக் கூடாது. வெயில் மண்டையைப் பிளக்கிற ஊரில் இது யார் மூளையில் உதித்ததோ!

என்னிடம் கோட்டு இல்லை. அருளப்பனிடம் இருந்தது. அவனும் மணிக்கணக்குதான், நெல்லித்தோப்புக்காரன். கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து இறந்துபோன அப்பாவின் கோட்டு அது. எட்டு மணி வகுப்பு எனக்கு, ஒன்பது மணி வகுப்பு அவனுக்கு. மணி அடித்ததும் வராந்தாவில் கழற்றிக் கொடுப்பேன். என் சூடு ஆறுவதற்குள் அவன் மாட்டிக்கொள்வான்.

கோட்டு இல்லாத ஒரு மணி நேரமும் ஜன்னலுக்கு வெளியே நின்று என் பாடத்தைக் கேட்பான். வீடு திரும்பும் வழியில் தப்புகளைச் சொல்வான். "கேள்வி கேட்டுட்டு நீயே பதில் சொல்லிடற. பசங்க வாயத் தொறக்க உடுப்பா." எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். மறுநாள் அவன் சொன்னபடிதான் நடத்துவேன். நானும் அவன் வகுப்பு ஜன்னலில் நின்று தப்புத் தேடினேன். கிடைத்தால்தானே. நான் வாத்தியார் ஆனது அந்த ஜன்னலில்தான்.

அந்த வருஷம் ஒரே ஒரு நிரந்தர இடம் வந்தது. இன்ஸ்பெக்டர் எங்கள் இருவர் பாடத்தையும் பார்த்து ஒருவரைச் சொல்வார் என்றார்கள். அவனுக்குக் கல்யாணத்துக்கு இரண்டு தங்கைகள். என் வீட்டிலும் அடுப்பு தினமும் எரியவில்லை. நியாயம் தேடுவதற்காக இதைச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் அதற்கும்தான்.

அடுத்த வாரம் வரவேண்டிய இன்ஸ்பெக்டர் சொல்லாமல் கொள்ளாமல் என் எட்டு மணி வகுப்புக்கு வந்து உட்கார்ந்தார். நோணாங்குப்பத்து ஆற்றைத் தவிர வேறு நதி பார்க்காத பையன்களுக்கு பிரான்சு நாட்டு நதிகள். எப்படியோ நடத்தி முடித்தேன். மணி அடித்தது. வெளியே வந்தேன். ஒரு பக்கம் பிரின்சிபால், மறுபக்கம் இன்ஸ்பெக்டர். எதிரே அருளப்பன், வெறும் சட்டையோடு.

"குடுப்பா. மணி அடிச்சிட்டாங்க," என்று மெதுவாகச் சொல்லிக் கையை நீட்டினான்.

அவர்கள் முன்னால் கழற்றினால் இரவல் கோட்டு என்று தெரிந்துவிடும். எனக்கு வெட்கம். வெட்கம் மட்டும்தானா? நீட்டிய கையைப் பார்க்காதவன்போல் பிரின்சிபாலோடு நடந்தேன். ஒன்பது மணி வகுப்பு வாத்தியார் இல்லாமல் கிடந்தது. இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்த்துவிட்டுக் குறிப்பேட்டில் ஏதோ எழுதினார்.

வேலை எனக்குக் கிடைத்தது. அவனை நிறுத்திவிட்டார்கள். அன்று சாயங்காலம் கோட்டை எடுத்துக்கொண்டு நெல்லித்தோப்புக்குப் போனேன். அவன் அம்மா வாங்கிக்கொண்டார்கள். அவன் வெளியே வரவில்லை.

ஏழெட்டு மாதம் கழித்துச் சைகோனிலிருந்து கடிதம் வந்தது. கப்பலேறிப் போய் அங்கே ஏதோ கிடங்கில் வேலையாம். அதற்குக் கீழே, அன்றைய பாடத்தில் நான் செய்த மூன்று தப்புகள். இன்ஸ்பெக்டர் உள்ளே இருந்தபோதும் ஜன்னலில் நின்று கேட்டிருக்கிறான். கோட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருந்தால் பதில் எழுதியிருப்பேன். எழுதவில்லை. பிறகு யுத்தம் வந்தது, அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

முப்பது வருஷம் அங்கேயே பாடம் நடத்தினேன். கோட்டு விதி போயிற்று, பிரெஞ்சுக்காரனும் போனான். நல்ல வாத்தியார் என்று மாலை போட்டு அனுப்பினார்கள். என் தப்பு என்ன என்று அவனுக்குப் பிறகு யாரும் சொல்லவில்லை.