ஒன்றரைக் கரண்டிப் பனி

இன்னைக்கு நான் யாரைப் பார்த்தேன் சொல்லுங்க? கரண்டி கெய்னரை! நேர்ல! அவங்க அடுப்படியில உக்காந்து அவங்க போட்ட டீயைக் குடிச்சுட்டு இப்பதான் பஸ் ஏறினேன். பஸ்லயே டைப் பண்றேன், தப்பு இருந்தா பொறுத்துக்கங்க.

வேற ஒரு வேலையாத்தான் இங்கிலாந்துக் கிழக்குக் கரையில இருக்கற விதர்ன்சீ போனேன். கடற்கரைக்குப் பின்னாடித் தெருவுல நடந்துக்கிட்டிருக்கேன், ஒரு விளக்குக் கம்பம். எங்கயோ பார்த்த மூஞ்சி மாதிரி இருக்கு. பாதி உயரத்துல லாரி இடிச்ச நசுங்கல். அதுக்கு மேல காணாமப்போன பூனையோட கிழிஞ்ச நோட்டீஸ். அட, இது நம்ம மால்கமோட கம்பம்! அவன் தினம் படம் போடற நம்ம வானிலை ஃபோரத்துல சொந்த வாசலை மறந்தவன்கூட இந்தக் கம்பத்தை மறக்க மாட்டான். எதிர் வீட்டு ஜன்னலைப் பார்த்தா பூந்தொட்டியில ஒரு மரக்கரண்டி நட்டு வச்சிருக்கு. கதவைத் தட்டிட்டேன்.

கெய்னர் சொன்னதை அப்படியே சொல்றேன். நாம எல்லாம் அந்தக் கதையில பாதிதான் பார்த்தோம்.

கெய்னருக்கு முதியோர் இல்லத்துல சலவை வேலை. விடியறதுக்கு முன்னாடி போய் ஈரப் போர்வைகளோட மல்லுக்கட்டிட்டு மதியம் வீடு வருவாங்க. வந்ததும் செருப்பைக் கழட்டி வீங்கின காலை நாற்காலி மேல தூக்கி வைக்கணும். உலகத்துல அவங்க கேக்கறது அது ஒண்ணுதான். ஆனா அந்த நாற்காலியில முப்பது வருஷமா புருஷன் மால்கம் உக்காந்திருக்கான், ஜன்னல் பக்கம் திரும்பி, கம்பத்தைப் பார்த்துக்கிட்டு.

இருட்டின வானத்துல என்ன விழுதுன்னு தெரியாது. விளக்கு வெளிச்சத்துக்குக் கீழதான் தெரியும். மழைன்னா கோடு போட்டு இறங்கும். பனின்னா தயங்கித் தயங்கி ஆடிக்கிட்டு வரும். நாடு பூரா நம்ம ஆளுங்க அப்படித்தான் கம்பம் பார்க்கறோம். ஆனா மால்கம் இருக்கறது கடலோரம். கிழக்குக் காத்து கடல் சூட்டை வாரிக்கிட்டு வந்து, ஊர் எல்லையில பனியா இருக்கறதை அவன் வாசல்ல மழையா மாத்திடும். வருஷா வருஷம் இதே கூத்து. பத்து நாளைக்கு முன்னாடி கம்ப்யூட்டர் கணிப்புல மேப்பு பூரா ஊதாக் கலரு, அதாவது கொட்டற பனி. நெருங்க நெருங்க நீலமாகி, பச்சையாகி, கடைசியில நசநசன்னு தூறல்.

அதுக்காக கெய்னர் இழந்தது கொஞ்சமா? பிப்ரவரியில வெயில் ஊருக்குப் போகலாம்னு போட்ட டிக்கெட் ரெண்டு தடவை போச்சு. கிறிஸ்துமஸ் சாப்பாட்டைத் தட்டோட ஜன்னலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருக்காங்க. மக கல்யாணத்துல பாதிரியார் பேசிக்கிட்டிருக்கும்போது இவன் போன்ல ராடார் பார்த்தான்.

"பனி என்னோட சக்களத்திப்பா"ன்னு சொன்னாங்க எங்கிட்ட. சிரிக்கக்கூட இல்ல, கொட்டாவி விட்டுக்கிட்டேதான் சொன்னாங்க. "முப்பது வருஷமா வரேன் வரேன்னு சொல்லி ஏமாத்தறா. அவ வராத துக்கத்தையும் நான்தான் தேத்தணும்."

இந்த வருஷம் பெரிய குளிர் வருதுன்னு ஃபோரம் கிடுகிடுத்தது ஞாபகம் இருக்கா? பென்னைன் மலை மேல முழங்கால் அளவு, கடல்கரையில வழக்கம்போல மழைன்னு கணிப்பு. மால்கம் சோறு தண்ணி இறங்காம உக்காந்திருந்தான். கெய்னருக்கே பொறுக்கல.

"எழுந்து போ மால். மலைக்கே போய்ப் பார்த்துட்டு வா. எனக்கும் ஒரு நாள் அந்த நாற்காலி கிடைக்கும்."

"நீ தனியா..."

"நான் என்னைக்கு தனியா இல்ல?"

சனிக்கிழமை காலையில கூட்டாளி டாரனோட வண்டியில கிளம்பினான். ராத்திரி மலையில ஒரு விடுதியில தங்கிட்டு மறுநாள் மதியம் திரும்பறதா ஏற்பாடு. புது பூட்ஸ், ஃபிளாஸ்க், பனி ஆழம் அளக்கற ஸ்டீல் ஸ்கேல் எல்லாம் எடுத்துக்கிட்டான். கல்யாணத்தன்னிக்குக்கூட அவ்வளவு சீக்கிரம் கிளம்பலையாம்.

கெய்னர் மதியம் வேலை முடிஞ்சு வந்தாங்க. டோஸ்ட்ல பீன்ஸ் ஊத்திச் சாப்பிட்டுட்டு, காலைத் தூக்கி அந்த நாற்காலியில வச்சு, அப்பாடான்னு கண்ணை மூடினாங்க. முழிச்சப்ப வெளிய ஒரு சத்தமும் இல்ல. கடல் சத்தம்கூட அமுங்கிக் கிடக்கு. விளக்கு அப்பதான் எரிய ஆரம்பிச்சிருக்கு.

அந்த வெளிச்சத்துக்குக் கீழ, தயங்கித் தயங்கி, ஆடிக்கிட்டு.

"அடிப் பாவி"ன்னாங்களாம் வாய்விட்டு. சக்களத்தி வாசல்ல வந்து நிக்கறா, புருஷன் வீட்ல இல்ல!

முதல்ல கோவம்தான் வந்துச்சாம். அப்புறம் பார்த்துக்கிட்டே உக்காந்துட்டாங்க. நடைபாதை மறைஞ்சது, கார் மறைஞ்சது, எதிர் வீட்டு வேலி மேல வரப்பு மாதிரி ஏறிக்கிட்டே போச்சு.

அப்ப போன் அடிச்சது. மால்கம்தான், மலை மேல இருக்கற பப்லேர்ந்து.

"கெய்னர், இங்க ஒண்ணுமே இல்ல. வானம் துடைச்சு விட்ட மாதிரி இருக்கு. ரோடு மட்டும் கண்ணாடியா உறைஞ்சு கிடக்கு. டாரன் வண்டி ரெண்டு தடவை வழுக்கிடுச்சு." குரல்ல உயிரே இல்ல. "அங்க எப்படி?"

கெய்னர் ஜன்னலைப் பார்த்தாங்க. வாய் வரைக்கும் வந்துச்சாம். ஆனா சொன்னா என்ன ஆகும்? பனின்னு காதுல விழுந்தா அவனுக்கு பிரேக் எங்க இருக்குன்னே மறந்துடும். டாரனையும் கிளப்பிக்கிட்டு, அவனோட தேய்ஞ்ச டயர்ல, இருட்டுல, உறைஞ்ச மலை ரோட்டுல இறங்கிடுவான்.

"இங்கயா? எப்பவும்போலத்தான். மழை."

"ம். தெரிஞ்சதுதானே"ன்னு வச்சுட்டான்.

முப்பது வருஷத்துல இந்த விஷயத்துல மட்டும் அவங்க அவன்கிட்ட பொய் சொன்னதில்லையாம். இனிமே ஒரே ஒரு வழிதான். அவன் மதியம் வர்ற வரைக்கும் இந்தப் பனி உருகாம நிக்கணும். நிக்குமா? யாரைக் கேக்கறது? மேசை மேல மால்கமோட கம்ப்யூட்டர் திறந்தே கிடந்தது. நம்ம ஃபோரமும் திறந்தே இருந்தது. ரெண்டு விரலால தட்டினாங்க.

"விதர்ன்சீயில பனி பெய்யுது. நாளை மதியம் வரை உருகாம நிக்குமா?"

இதுக்கப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். மால்கம்தான் எழுதறான்னு நினைச்சு நாம சும்மா விட்டோமா?

"விளக்குக்கம்பம் மால், மாத்திரை சாப்பிட்டியா இல்லையா?"

"அது பனி இல்லய்யா, கடல்காக்கா எச்சம்."

"படம் இல்லேன்னா பனி இல்ல. சட்டம் சட்டம்தான்."

கெய்னர் எழுந்து, கோட்டை மாட்டிக்கிட்டு, கொல்லைக் கதவைத் திறந்தாங்க. அளக்க ஸ்கேல் இல்ல. கைக்குக் கிடைச்சது குழம்பு கிண்டற மரக்கரண்டி. தலைகீழா நட்டு படம் எடுத்தாங்க. கரண்டித் தலை முழுசா முங்கி, அதுல பாதி அளவுக்குக் கைப்பிடியும் பனிக்குள்ள!

ஃபோரமே படத்தைப் பெருசாக்கிப் பெருசாக்கிப் பார்த்துச்சு.

"யோவ் இது நிஜம்! ஆனா ஏன் கரண்டி? உன் ஸ்கேல் எங்க?"

"மால் எடுத்துட்டுப் போயிட்டான்."

"எந்த மால்? நீதானே மால்?"

"நான் அவன் பொண்டாட்டி."

அப்புறம் எல்லாத்தையும் எழுதினாங்க. மலை, உறைஞ்ச ரோடு, தேய்ஞ்ச டயர், சொன்ன பொய். அதைப் படிச்சுட்டு நான் அழுதேன், சத்தியமா. ஃபோரத்தை நடத்தற ஆபர்டீன் இஸ்லாதான் முதல்ல வாயைத் திறந்தா.

"எல்லாத்தையும் மறைச்சுட்டேன். இந்த ரகசிய அறையில மட்டும் பேசுங்க. நாளைக்கு மால்கம் வீடு சேர்ற வரைக்கும் எவனாவது வெளிய விதர்ன்சீன்னு ஒரு எழுத்து எழுதினா, அடுத்த குளிர்காலம் வரைக்கும் அவனை ஃபோரத்துல சேர்க்க மாட்டேன்."

நம்மளைப் பத்தித் தெரியும்ல? ஜன்னல்ல ஒரு துகள் ஒட்டினாலே ஊரைக் கூட்டற கும்பல். அந்த ராத்திரி ஒருத்தன் மூச்சு விடல. எனக்கு அதை நினைச்சா இன்னும் சிலிர்க்குது.

உள்ள மட்டும் ஒரே யோசனை. விடிஞ்சா சூடான தெக்குக் காத்து வருது, முன்பக்கம் பத்து மணிக்கு மேல தாங்காது, கொல்லைதான் கதின்னு முடிவாச்சு.

"வாரிக் குவிச்சு வச்சுடட்டுமா?"ன்னு கேட்டாங்க கெய்னர்.

"ஐயோ வேணாம்மா! வாரினது பனியில்ல, குப்பை. விழுந்தபடியே இருக்கணும். உங்க ஹீட்டர் பாய்லர் சூட்டுக்காத்தை எந்தப் பக்கம் விடுது?"

"கொல்லைப் பக்கம்தான்."

"அப்ப ஹீட்டரை அணைச்சுடுங்க."

கெய்னர் அந்த வரியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டே இருந்தாங்களாம். பன்னெண்டு மூட்டை போர்வையோட மல்லுக்கட்டின உடம்பு. அந்த வீட்ல அவங்களுக்குன்னு இருந்த ஒரே சுகம் அந்தச் சூடுதான். எழுந்து போய் அணைச்சாங்க. கோட்டோட, வெந்நீர்ப் பையைக் கட்டிக்கிட்டு சோபாவுலயே படுத்துட்டாங்க.

காலையில முன்பக்கம் சரக் சரக்குன்னு சத்தம். பக்கத்து வீட்டு ஹோவர்ட், எம்பது வயசு, வாளி நிறைய, பனியை உருக்கற உப்போட நிக்கறார்.

"ஹோவர்ட், எங்க வாசலுக்கு மட்டும் போடாதீங்க. மால் பார்க்கணும்."

"பார்க்கறதுக்கு என்னம்மா இருக்கு? நான் வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிஞ்சா உன் புருஷனா தூக்குவான்? அவன்தான் கம்பத்தை விட்டு நகர மாட்டானே!"

முன்பக்கம் போச்சு. ஒன்பதுக்கெல்லாம் கூரையிலேர்ந்து சொட்ட ஆரம்பிச்சது. கெய்னர் கொல்லைக் கதவுக்கு உள்பக்கம் முக்காலி போட்டுக் காவல் உக்காந்தாங்க. அப்படியும் ஒரு பூனை வந்து ஓரமா நடந்துட்டுப் போயிடுச்சு. துடைப்பத்தை எடுத்தாங்களாம், அப்புறம் அடிச்சா அதோட ஓட்டத்துல எல்லாம் கலைஞ்சுடுமேன்னு கெஞ்சி அனுப்பினாங்களாம்! கரண்டியைச் சுத்தி பனி கீழ இறங்கறது கண்ணுக்குத் தெரிஞ்சது. பனி பிடிக்காத பொம்பளை, அது இறங்க இறங்க கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தாங்க.

மதியம் வண்டிச் சத்தம். மால்கம் உள்ள வந்தான். வழியில கூரைகள்ல பார்த்திருக்கான், வேலியோரம் பார்த்திருக்கான். புரிஞ்சுடுச்சு அவனுக்கு. ஆனாலும் முதல்ல கேட்டது இது.

"வீடு ஏன் இப்படி ஜில்லுனு இருக்கு?"

கெய்னர் கொல்லைக் கதவைத் திறந்துவிட்டாங்க.

சுவர் நிழல்ல ஒரு பாய் அகலத்துக்கு மிச்சம் இருந்தது. நடுவுல கரண்டி சாஞ்சு நிக்குது. ஓரத்துல பூனைக் கால்தடம். சொட்டு, சொட்டுன்னு சத்தம்.

"மழைன்னு சொன்ன."

"ஆமா."

"சொல்லியிருந்தா வந்திருப்பேன்."

"அதுக்குத்தான் சொல்லல."

படியில உக்காந்துட்டான். பூட்ஸைக்கூடக் கழட்டல, பனியில காலும் வைக்கல. அங்கேர்ந்தே மெதுவாக் கேட்டான்.

"கம்பத்துக்குக் கீழ எப்படி இருந்தது?"

கெய்னர் பக்கத்துல உக்காந்து சொன்னாங்க. முதல்ல பொடியா, சாய்வா வந்தது. இருட்ட இருட்டப் பெருசாச்சு. காத்து நின்னப்ப நேரா இறங்காம ஒரு சுத்து சுத்திட்டு உக்காந்தது. கடல் சத்தம் அடங்கிப் போச்சு. அவன் ஒவ்வொண்ணாக் கேட்டான், இவங்க ஒவ்வொண்ணுக்கும் பதில் சொன்னாங்க. முழுசாப் பார்த்திருக்காங்களே!

"அப்புறம் சமாதானம் ஆயிட்டாரா?"ன்னு நான் ஆசையாக் கேட்டேன்.

"எங்கப்பா. ரெண்டு நாள் பேசல. நானும் பேசல, எனக்குத் தூக்கம்தான் முக்கியமா இருந்தது."

மூணாம் நாள் மால்கம் தன்னோட வருஷப் பனிக் கணக்கை ஃபோரத்துல போட்டான். முப்பது வருஷமா ஒரே வரிதான் அதுல, "விதர்ன்சீ, பனி இல்லை"ன்னு. இந்தத் தடவை இப்படி இருந்தது: "விதர்ன்சீ, ஒன்றரைக் கரண்டி. பார்த்தது கெய்னர்."

அதை நாம அத்தனை பேரும் படிச்சோம். ஆனா அந்த வரியை அவன் கெய்னர்கிட்ட காட்டவே இல்லையாம்! இன்னைக்கு நான் போன்ல எடுத்துக் காட்டினப்பதான் பார்த்தாங்க. கண்ணாடியை மூக்குல ஏத்திப் படிச்சாங்க. திரும்பவும் படிச்சாங்க. அப்புறம், "கரண்டி தேஞ்சுபோச்சு, வேற வாங்கணும்"னு சொல்லிட்டு எழுந்து கெட்டிலை வச்சாங்க. மால்கம் அப்ப வீட்ல இல்ல. ஹீட்டருக்கு ஆளைக் கூட்டி வரப் போயிருந்தான், பாய்லர் குழாயைக் கொல்லையை விட்டு வேற பக்கம் திருப்ப. நாற்காலி காலியா இருந்தது. கெய்னர் காலைத் தூக்கி அதுல வச்சு, நான் கிளம்பறதுக்குள்ளயே தூங்கிட்டாங்க.

அந்தப் பக்கம் போனா நசுங்கின கம்பத்துக்கு எதிர் வீட்டுக் கதவைத் தட்டுங்க. மதியம் மட்டும் வேணாம், அது அவங்க தூங்கற நேரம். போனதும் பனி வந்துச்சான்னு ஆரம்பிக்காதீங்க, கால் வலி எப்படின்னு முதல்ல கேளுங்க. முடிஞ்சா ஒரு மரக்கரண்டி வாங்கிட்டுப் போங்க. போக முடியாதவங்க இதை நாலு பேருக்கு அனுப்புங்க. முக்கியமா, நம்மள மாதிரிப் பைத்தியத்தைக் கட்டிக்கிட்டு மாரடிக்கறவங்களுக்கு.