உமா டீச்சரின் பழக்கடை

குத்துக்கல்வலசையில் உமாராணி வீட்டு மாடியில் சாயங்காலம் டியூஷன் நடக்கும். கணக்கு வராத பிள்ளைகளை அவளிடம் விட்டால் தேறிவிடும் என்று பேர். சொந்த மகள் சத்யபிரியாதான் தேறவில்லை. எட்டு வயது, ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் எழுந்துவிடுவாள், வண்டி வருவதைப் பார்க்காமல் ரோட்டில் ஓடுவாள்.

கவனக்குறைபாடு என்று டாக்டர் சொல்லி, காலையில் ஒரு மாத்திரையும் வாரம் ஒருமுறை விளையாட்டுச் சிகிச்சையும் தொடங்கிச் சில மாதங்கள் ஆகின்றன. மாத்திரை போட்டால் பிள்ளை உட்காருகிறாள். ஆனால் மத்தியானச் சோறு டப்பாவில் அப்படியே திரும்பி வருகிறது. குளிப்பாட்டும்போது விலா எலும்பு கையில் தட்டுகிறது. பள்ளியில் அழுகையும் சண்டையும் நிற்காததால், அளவைக் கூட்டுவதா என்று திங்கட்கிழமை முடிவு செய்வதாக டாக்டர் சொல்லியிருந்தார்.

தூத்துக்குடியில் போலீஸ் ஏட்டாக இருக்கும் கணவன் வேல்ராஜ் போனில் கேட்டான்: “இன்னும் கூட்டுனா பிள்ள என்னத்தத் திங்கும்? வேண்டாம்னு சொல்லு.”

“கூட்டலேன்னா ஸ்கூல்ல வச்சுக்கிட மாட்டாக போல. நான் என்ன செய்யட்டும்?”

திங்கட்கிழமை டாக்டரைப் பார்க்கும் முன் விளையாட்டுச் சிகிச்சை அறைக்குப் போனார்கள். அங்கே சிகிச்சை கொடுக்கும் ஜோதிலட்சுமி கேட்டாள்: “நான் சொன்னபடி வீட்டுல தினமும் பிள்ளையோட விளையாடுதீங்களா?”

“ஒரு நாள் தவறல மேடம்.”

“அப்ப இங்கன விளையாடுங்க. நான் சும்மா பாக்கேன்.”

சத்யபிரியா சிவப்பு மணிகளைக் குவித்துக் குற்றாலத்துப் பழக்கடை போட்டாள். “ரம்புட்டான் கிலோ அஞ்சு ரூவா.”

“அப்ப மூணு கிலோ எவ்வளவு?” என்றாள் உமாராணி.

பிள்ளையின் கால் ஆடத் தொடங்கியது. “பதினெட்டு.”

“தப்பு. நல்லா யோசி.”

மணிகள் சுவரில் போய்ச் சிதறின. உமாராணி எழுந்து மணிகளைப் பொறுக்கினாள். “இப்பிடித்தான் மேடம். மாத்திரை பத்தலையோ?”

“டீச்சர், நீங்க பழம் வாங்க வந்தீங்களா, பரீட்சை வைக்க வந்தீங்களா?” என்று ஜோதிலட்சுமி சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். “மாத்திரை பிள்ளையை உக்கார வைக்குது. உக்காந்த நேரத்துலயும் டியூஷன் எடுத்தா அவ எப்ப விளையாட? அவ சொல்லுதபடி நீங்க கேளுங்க.”

உமாராணி கடை முன்னால் மறுபடி உட்கார்ந்தாள். “பழம் இருக்கா அண்ணாச்சி?”

“கடை பூட்டியாச்சு. அருவியில தண்ணி கூடிட்டு, போலீஸ் யாரையும் விடல. தண்ணி குறையட்டும், இருங்க.”

எவ்வளவு நேரம் என்று கேட்க வாயெடுத்தாள். அடக்கிக்கொண்டாள். எதிரே பிள்ளையும் கையைக் கட்டிக்கொண்டு, இல்லாத அருவியைப் பார்த்தபடி அசையாமல் இருந்தாள். மகள் தானாகக் காத்திருந்து உமாராணி பார்த்ததே இல்லை.

ஜோதிலட்சுமி நடந்ததை டாக்டரிடம் சொன்னாள். எடை பார்த்த டாக்டர், “இப்போதைக்கு இதே அளவு இருக்கட்டும். வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு மாத்திரை கொடுங்க. வீட்டு விளையாட்டு மாறினதும் எப்படி இருக்கான்னு அடுத்த மாசம் பாப்போம். அப்பவும் இப்படியே இருந்தா கூட்டத்தான் வேணும்” என்றார்.

சாயங்காலம் வேல்ராஜ் கூப்பிட்டான். “கூட்டலைல்லா?”

“கூட்டல. ஒரு மாசம் பாக்கணுமாம்.”

“அதுக்குள்ள பிள்ள சரியாயிருவாளா?”

“அவ பொறுமையா இருந்துருவா போல. நான் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கணும்லா, அதான் பயமா இருக்கு.”

மாடியில் டியூஷன் பிள்ளைகள் சத்தமாக வாய்ப்பாடு சொல்லத் தொடங்கியிருந்தார்கள். போனை வைத்துவிட்டு அவள் மாடிக்குப் போகாமல், கீழே பழக்கடை விரித்திருந்த மகள் காட்டிய இடத்தில் தரையில் உட்கார்ந்தாள்.