கத்தாத பெட்டி

போன சனிக்கிழமை காலை எட்டரை மணி. புதுக்கோட்டையில், வீட்டு டேபிளில் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது. கட்டுமாவடியிலிருந்து செல்வியக்கா.

“தங்கச்சி, எங்க கொழுந்தனாரு போட்டுல பெட்டி எந்திரிக்கவே மாட்டேங்குது. லைட்டே எரியல.”

பத்தி எழுதாத நாட்களில் என்ன பிழைப்பு என்று கேட்கும் வாசகர்களுக்கு — சின்னச் சின்ன கம்ப்யூட்டர் போர்டுகளுக்கு இமேஜ் தயாரிப்பேன். போட்டோ இல்லைங்க! முழு ஆப்பரேட்டிங் சிஸ்டம். மெமரி கார்டில் எழுதிச் சொருகினால், கரண்ட் கிடைத்ததும் மெஷின் தானே எழுந்து வேலையைத் தொடங்கும்.

செல்வியக்கா வீட்டில் இரண்டு ஃபைபர் போட். இரண்டிலும் நாங்கள் வைத்த பெட்டி இருக்கிறது. கடல் எல்லையை நெருங்கினால் கத்தும். தாண்டினால் என்ன ஆகும் என்று எங்கள் மாவட்டத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. போட் போய்விடும், ஆள் அக்கரை ஜெயிலில்.

ஒரு பெட்டி பழசு, ஒன்று புதுசு. உள்ளே இருக்கும் புராசஸர் வேறு வேறு. புரோகிராம் ஒன்றுதான் என்றாலும், இமேஜைத் தனித்தனியாகக் கட்ட வேண்டும். மாற்றிச் சொருகினால்? தப்பு என்றுகூடச் சொல்லாது. மூச்சே விடாது. அந்த வாரம்தான் இரண்டுக்கும் புது கார்டு எழுதி, தனித்தனி டப்பாவில் போட்டு, எது எந்த போட்டுக்கு என்று மேலே பெயர் ஒட்டி அனுப்பியிருந்தேன்.

“அக்கா, டப்பா மேல ஒட்டியிருந்த பேரைப் பாத்துத்தானே போட்டீங்க?”

“பாத்துத்தான். நேத்து வெள்ளிக்கெழமையில்ல... ரெண்டு கார்டையும் எடுத்துத் தட்டுல வச்சு, சந்தனம் குங்குமம் தொட்டு வச்சு, சாமி கும்புட்டுட்டுத் திருப்பி டப்பாவுல போட்டேன்.”

கடலுக்குப் போகும் புதுப் பொருளுக்குப் பொட்டு வைக்காமல் விடமாட்டார்கள். அது தெரிந்தும் பெயரை டப்பாவில் ஒட்டியவள் நான்தான். அக்கா மேல் என்ன குற்றம்?

இருப்பதே இரண்டு கார்டு. ஒன்று மாறியிருந்தால் மற்றதும் மாறியிருக்கிறது.

“அண்ணன் எங்கக்கா?” இன்னொரு போட் அக்கா வீட்டுக்காரருடையது.

“விடியக்காலமே போயிட்டாக.”

கடலுக்குள் டவர் கிடையாது. பெட்டியோ உப்புத் தண்ணீர் படாமல் பாலிதீன் சுற்றிப் பலகைக்கு அடியில் கிடக்கும். லைட் எரிகிறதா என்று யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள்?

வேறென்ன செய்ய... புதிதாக இரண்டு கார்டு எழுதினேன். பெயரைக் கார்டிலேயே மார்க்கரால் எழுதினேன்.

‘கத்தாத வரைக்கும் தைரியமா போங்கண்ணே’ — இப்படிச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். செத்த பெட்டியும் கத்தாது என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? வீட்டில் யாரும் சண்டை போடவில்லை என்றால் எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று முடிவு கட்டுகிற ஆட்கள்தானே நாம்!

மூன்று மணி நேரம். இரண்டு முறை பூஜை அறைக்குப் போனேன். நான் சாமி கும்பிடுகிற ஆளே இல்லை.

பதினொன்றரைக்கு போன். அண்ணன் குரல்!

“தங்கச்சி, பெட்டிய நல்லாப் பண்ணிட்டீங்க! முந்தியெல்லாம் கொஞ்சம் அங்கிட்டுப் போனாலே கத்தித் தொலைக்கும். இன்னிக்கி எம்புட்டுத் தூரம் போயும் சத்தமே இல்ல. மீனும் நல்ல மீனு!”

எம்புட்டுத் தூரம் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இமேஜை இப்போது மாற்றிவிட்டேன். பெட்டி உயிரோடு இருக்கும்வரை ஐந்து நிமிடத்துக்கு ஒரு பீப் அடிக்கும். பீப் நின்றால் போட்டைத் திருப்ப வேண்டும்.

“காது வலிக்கிது தங்கச்சி” என்கிறார் அண்ணன்.

வலிக்கட்டும்!