கரடி ஜெயிச்சாத்தான் மீதிப் பாதி

இன்னிக்கு கிள்ளான்ல தங்கச்சி மகளுக்குக் கல்யாணம். காலையிலேயே பிரிக்பீல்ட்ஸ்ல ஒரு முடிவெட்டுற கடையில உட்கார்ந்தேன்.

பாதித் தலை முடிஞ்சதும் கடைக்காரத் தம்பி கத்திரியை வச்சிட்டு, காத்திருந்த லோரி டிரைவரோட டிவியில சண்டை கேம் ஆடப் போயிட்டார். இவர் கரடி, அவர் கங்காரு.

"தம்பி, கல்யாணத்துக்கு நேரமாச்சு!"

"மாப்பிள்ளை நீங்களா அங்கிள்? ஒரு ஆட்டம் ஜெயிச்சதும் வந்துடுறேன் லா."

மூணு ஆட்டம் தோத்தார். எந்திரிக்கவே இல்ல.

எனக்குப் படிக்கத் தெரியாது, இதையும் நான் பேசப் பேச போன்தான் எழுதுது. ஆனா ஒரு தடவை பார்த்தா மறக்காது. கங்காரு வாலை ரெண்டு தட்டு தட்டினா அடுத்தது உதைதான்.

நாலாவது ஆட்டத்துல வால் தட்டுச்சு. "குனிடா தம்பி!"ன்னு கத்தினேன். கரடி குனிஞ்சது, ஜெயிச்சது.

அப்பாடான்னு துண்டைச் சரி பண்ணினா, டிரைவர் கையைத் தூக்குறார்: "அங்கிள் சொல்லிக் கொடுத்தார், செல்லாது! மறுபடி ஆடணும்!"

"சரி வாங்கண்ணே!"ன்னு தம்பி திரும்ப உட்கார்ந்துட்டார்.

கல்யாண போட்டோ எல்லாத்துலயும் நான் ஒரே பக்கம் திரும்பி நிக்கிறேன்.

மீதிப் பாதியை வெட்ட நல்ல கடை இருந்தா சொல்லுங்க. கரடி இல்லாத கடையா இருக்கணும்.