கம்பளியின் ஒரு மூலை

அன்றைக்குப் பெரட்டுக் களத்தில் நின்றவர்கள்: வெள்ளைக்காரத் துரை. அவருடைய நாய். பேர் கூப்பிடுகிற கங்காணி. பேர் பதிகிற கணக்கப்பிள்ளை. எங்கள் லயத்து ஆட்கள், அவர்களில் பக்கத்துக் காம்பரா அக்கா. கடைசி வரிசையில் ஒரு செவிட்டுத் தாத்தா. அவருக்குப் பக்கத்தில் நான்.

இலங்கையில் பூனாகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். லயம் என்ற வரிசை வீட்டில் குடும்பத்துக்கு ஒரு காம்பரா, அதாவது ஒரு அறை. ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடும் காலம். பதுளைக்கு மாட்டுவண்டிதான். எனக்கு ஒன்பது வயதிருக்கும்.

அதற்குக் கொஞ்ச நாள் முந்தி லயத்தில் வாந்திபேதி வந்தது. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். அம்மாவைத் தூக்கிக்கொண்டு போன நாளிலிருந்து எனக்குப் பேச்சு வரவில்லை. வேப்பிலை அடித்துப் பார்த்தார்கள். கயிறு கட்டினார்கள். கன்னத்தில் அறைந்தும் பார்த்தார்கள். வரவில்லை.

தாத்தா எனக்கு உறவில்லை. தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்தில் வந்தவர். அவருடைய ஒரே மகனும் அதே வாந்திபேதியில் போனான். தனியாக நிற்கிற இரண்டு பேருக்கு இரண்டு காம்பரா எதற்கு என்று கங்காணி அவரை எங்கள் காம்பராவில் கொண்டுவந்து விட்டார்.

பெரட்டு என்றால் விடியற்காலையில் ஆள் கணக்கெடுப்பது. பேர் கூப்பிட்டால் "இருக்கேங்க" என்று குரல் கொடுக்க வேண்டும். கொடுத்தால் கணக்கில் பேர் விழும். பேர் விழுந்தால்தான் கூலி, அரிசி எல்லாம். மகன் இருந்தவரைக்கும் தாத்தாவின் தோளில் தட்டுவான், அவர் குரல் கொடுப்பார். இப்போது தட்ட ஆளில்லை. எனக்குக் காது கேட்கும், வாய் வராது. கண்ணெதிரே நின்றாலும் கங்காணி எங்களைத் தாண்டிப் போய்விடுவார். ஊரிலிருந்து புது ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். அவருக்குக் காம்பரா வேண்டியிருந்தது.

ஒருநாள் கங்காணி கணக்கப்பிள்ளையிடம் சொன்னார்: "ஊமையும் செவிடுமா ஒரு காம்பராவ அடைச்சிக்கிட்டு கெடக்குதுங்க. குட்டிய பதுளையில ஏதாச்சும் கடைக்காரர் வீட்டு வேலைக்கு விட்டுரலாம். கெழவன் எங்கயாச்சும் போவட்டும்."

தாத்தா பக்கத்தில்தான் நின்றார். அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. பனிக்குக் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டார். கேட்டது நான் மட்டும்தான்.

மறுநாள், துரையும் களத்தில் நின்ற அன்றைக்கு, தாத்தாவின் பேரைக் கூப்பிட்டதும் நான் அவர் கம்பளி மூலையைப் பிடித்து இழுத்தேன். அவர் திரும்பிப் பார்த்தார். சட்டென்று புரிந்துவிட்டது.

"இருக்கேன்யா!" என்று போட்டார் ஒரு சத்தம். துரையின் நாய் குரைத்தது.

அடுத்து என் பேர். மறுபடியும் இழுத்தேன். தன்னைத்தான் திரும்பக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

"அதான் இருக்கேன்னு சொல்லிட்டேன்ல! ஒனக்குமா காது செவிடு?"

களமே சிரித்தது. கங்காணிக்கு முகம் கறுத்துவிட்டது. என்னை நோக்கிக் கையை நீட்டி, "ஒன்னைய இல்லய்யா, அவளக் கூப்புட்டேன்" என்று கத்தினார். தாத்தா அந்தக் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என் தலையில் கைவைத்து, "இவளும் இருக்கா" என்றார்.

துரை என்னவோ கேட்டார். கணக்கப்பிள்ளை என்னவோ சொன்னார். துரை சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். எங்கள் இரண்டு பேர்களும் கணக்கில் விழுந்தன. துரையே தலையாட்டிய பிறகு கங்காணியால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அப்படித்தான் ஓடியது, இரண்டு மழைக்காலம். காலையில் நான் இழுப்பேன், அவர் கத்துவார். சாயங்காலம் ஒரே சட்டியில் கஞ்சி. பக்கத்துக் காம்பரா அக்கா வாசலில் நின்று, "யாரு சட்டியில யாருடி குடிக்கிறது? அந்தாளு என்ன சாதின்னு தெரியுமா ஒனக்கு?" என்பாள். எனக்குத் தெரியாது. அவரும் என்னைக் கேட்டதில்லை.

கஞ்சி குடித்துவிட்டு மகனைப் பற்றிப் பேசுவார். சத்தமாகத்தான் பேசுவார். கத்திப் பதில் சொல்ல வேண்டுமே என்று லயத்தில் யாரும் அவரிடம் உட்கார மாட்டார்கள். நான் உட்காருவேன். எனக்குக் கத்தும் வேலை இல்லை. என்னை அவர் பேசச் சொன்னதே இல்லை. "நீ பேசாட்டிப் போ. எனக்கென்ன, கேக்கவா போவுது?" என்று சிரிப்பார். நானும் சிரிப்பேன். அம்மா போன பிறகு அந்தக் காம்பராவில்தான் நான் சிரித்தேன்.

இழுத்து இழுத்துக் கம்பளியின் அந்த மூலை நூல் பிரிந்துவிட்டது.

ஒரு தை மாதம். நல்ல பனி. பெரட்டுக்குத் தப்பு மேளம் அடித்துவிட்டார்கள், எல்லோரும் களத்துக்குப் போகிறார்கள். தாத்தா எழுந்திருக்கவில்லை. மூலையைப் பிடித்து இழுத்தேன். திரும்ப இழுத்தேன். கை சில்லென்று இருந்தது.

யாரிடம் எப்படிச் சொல்வது? நானும் களத்துக்குப் போய் எங்கள் இடத்தில் நின்றேன்.

அவர் பேரைக் கூப்பிட்டார்கள். என் கை தானாகப் பக்கத்தில் போனது. பிடிக்க ஒன்றுமில்லை.

"எங்கடி ஒன் செவிட்டுத் தொரை? இன்னுமா தூங்குறாரு?" என்றார் கங்காணி. சிலர் சிரித்தார்கள். இன்னொரு தரம் கூப்பிட்டார்.

"இல்லைங்க" என்றேன்.

என் குரல் எனக்கே தெரியவில்லை. சிரித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு என் பேரைக் கூப்பிட்டார், மெதுவாக.

"இருக்கேங்க."

குழி வெட்ட ஆள் விட்டார்கள். மற்றவர்கள் கொழுந்து பறிக்க மலைக்குப் போனோம். நானும்தான். சாயங்காலம் வந்தபோது மண் மூடியாகிவிட்டது. காம்பராவைப் புது ஆட்களுக்குக் கொடுத்தார்கள். ஆனால் குரல் கொடுக்கிற பிள்ளையைப் பதுளைக்கு அனுப்பக் காரணம் இல்லாமல் போயிற்று. சாதி கேட்ட அக்காதான் என்னைக் கூட்டிப்போய்த் தன் பிள்ளைகளோடு படுக்கவைத்தாள். கம்பளியை மட்டும் நான் கொண்டுபோனேன்.

பிறகு எனக்குப் பிள்ளைகள் பிறந்தன. என் வீட்டில் வயதானவரையும் சின்னப்பிள்ளையையும் நான் தனித்தனியாக விட்டதில்லை; ஒன்றுக்கு வராத குரல் மற்றதிடம் இருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

தாத்தா போன அன்றைக்கு எங்கள் காம்பராவுக்கு விழுந்தது ஒரு பேர்.