ஷூ கம்பெனியில் ஒரு சரித்திர ரூம்

ஊர்ப் பெருமை பேசிச் சம்பளம் வாங்குறவங்க கொஞ்சப் பேர். சம்பளமே இல்லாம சொந்தக்காரங்களுக்கு வேலூர்க் கோட்டையைச் சுத்திக் காட்டிக் கால் வீங்கினவங்க நிறையப் பேர். ரெண்டு கட்சிக்காரங்களுக்கும் என் வணக்கம்.

எனக்கு ஆம்பூர்ல ஒரு ஷூ கம்பெனியில வேலை. ஷூ வாங்குற வெளிநாட்டு பையருங்க வந்தா இந்த வடக்கெல்லைச் சீமையோட கதையைச் சொல்ல ஒரு ரூம் வேணும்னு முதலாளிக்கு ஆசை. வரலாறு படிச்ச நான் மாட்டினேன். மேனேஜருக்கோ அந்த ரூம் மேலயே கண்ணு, அட்டைப்பெட்டி அடுக்க இடமில்லையாம். "வர்ற பையரம்மாவுக்குப் பிடிக்கலைன்னா ரூமும் காலி, நீயும் காலி"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டார். எனக்குச் சிரிப்பு வரல. இந்த வேலை எனக்கு அவ்வளவு பிடிச்சிருந்தது.

பட்டை

அந்தக் காலத்துல ஆவாரம் பட்டை ஊறின தண்ணியிலதான் தோலைப் பதப்படுத்துவாங்க. அதுல கொஞ்சம் கண்ணாடிப் பெட்டியில வைக்கலாம்னு பேரணாம்பட்டு வரைக்கும் தோல் பதனிடுற ஷாப் ஒவ்வொண்ணா ஏறி இறங்கினேன். எங்க பாத்தாலும் டிரம்மும் கெமிக்கல் மூட்டையும்தான். ஒரு மேஸ்திரி என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு, "இத்த நாட்டு மருந்துக் கடையில கேளும்மா"ன்னு அனுப்பிட்டார்.

அட, நெஜமாவே அங்கதான் இருந்துச்சு! கடைக்காரர் பொட்டலம் கட்டிக்கிட்டே அக்கறையா விசாரிச்சார்: "சுகர் உனக்காம்மா, வீட்டுக்காரருக்கா?"

எல்லை

எல்லையை போட்டோ எடுக்கணும்னு கம்பெனி கார்ல மலைப்பாதையில போனேன். ஓட்டினது ஜாஃபர் பாய், மேல்விஷாரத்துக்காரர். ஆந்திரா ஆரம்பிக்குதுன்னு ஒரு பலகை. அந்தப் பக்கமும் அதே வெயில், அதே புளியமரம். பக்கத்துல ஒரு டீக்கடை. கடைக்கார அக்கா போன்ல தெலுங்கு பேசினாங்க, கடைக்குள்ள தலையை விட்ட ஆட்டைத் தமிழ்ல திட்டினாங்க, பாய்கிட்ட உருதுல நலம் விசாரிச்சாங்க.

எனக்கு ஆர்வம் தாங்கல. "அக்கா, உங்க வீட்டு பாஷை எது?"ன்னு கேட்டுட்டேன்.

"பாஷை கெடக்கட்டும். இஞ்சி தட்டிப் போடட்டா, வேணாவா? அத்த சொல்லு."

யார் முதல்ல?

பையரம்மா வந்தாங்க. இத்தாலிக்காரங்க. முதல்ல ரூம், அப்புறம் ஷூ தைக்கிற லைனை செக் பண்றதுன்னு ஏற்பாடு. சுவத்தைப் பாத்தாங்க, வாட்ச்சைப் பாத்தாங்க. கடைசியில, "இத்தனை ஊர் இருக்க, இங்க மட்டும் ஏன் தோல் தொழில்?"னு கேட்டாங்க. பாலாத்துத் தண்ணின்னு ஆரம்பிச்சேன். பை தூக்கிட்டு வந்த ஜாஃபர் பாய் குறுக்க விழுந்தார்: "தண்ணி எல்லா ஊர்லயும்தான் ஓடுது. தொழிலை முதல்ல கொண்டாந்தது எங்க விஷாரத்துக்காரங்க!" டீ கொண்டு வந்த கேன்டீன் மணி அண்ணன் தட்டை டொக்குனு வெச்சார்: "ஆம்பூர்ல நின்னுக்கினு இன்னா பேச்சு பேசுற பாய்?"

அவ்வளவுதான், பிடிச்சுக்கிச்சு. தோல்ல ஆரம்பிச்ச சண்டை பிரியாணிக்குப் போச்சு. அந்தம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்து, "அவர் என்ன சொல்றார்? இவர் என்ன சொல்றார்?"னு என்னைக் குடைஞ்சு எடுத்துட்டாங்க. மொழிபெயர்த்து மொழிபெயர்த்து எனக்குத் தொண்டை வறண்டு போச்சு. யார் முதல்லன்னு முடிவாகுறதுக்குள்ள அவங்களுக்கு ஃபிளைட்டுக்கு நேரமாயிடுச்சு. லைன் பக்கம் போகாமலே எல்லாருக்கும் கை குடுத்துட்டுக் கார் ஏறிட்டாங்க.

மேனேஜர் மூச்சிரைக்க ஓடி வந்தார். செத்தோம், அட்டைப்பெட்டி வந்துடுச்சுன்னு நெனச்சேன். அவர் நெத்தி வேர்வையைத் தொடச்சுக்கிட்டு மெதுவாச் சொன்னார்: "காலையிலேர்ந்து ரெண்டாவது லைன்ல கம்மு ஒட்டாம சோல் சோலா பிரிஞ்சுக்கினு வருது. அந்தம்மா அந்தப் பக்கம் எட்டியே பாக்கல. உனக்கு இன்னொரு ரூம் வேணுமாம்மா?"

வரலாறு நம்மைக் காப்பாத்தும்னு எங்க வாத்தியார் அடிக்கடி சொல்லுவார், ஆனா சோல் பிரியுறதுலேர்ந்தும் காப்பாத்தும்னு அவருக்கே தெரிஞ்சிருக்காது.