வேஷத்துக்குப் பொருத்தமான முகம்

அந்த விளம்பரக் கம்பெனியில் டிசைனரைப் போல உழைப்பாளி கிடையாது என்று பேர். காலையில் யார் வந்து கதவைத் திறந்தாலும் மனிதர் உள்ளே இருப்பார். அவரைக் காட்டித்தான் முதலாளி மற்றவர்களைத் திட்டுவார். பாவம், பேனர் சுருள்களுக்குப் பின்னால் படுத்து எழுந்து, கழிவறைக் குழாயில் முகம் கழுவிவிட்டு உட்கார்ந்திருக்கிறார் என்று யார் கண்டது?

பழைய வீட்டுக்காரர் மகனுக்குக் கல்யாணம் என்று காலி பண்ணச் சொன்னதிலிருந்து இந்தக் கூத்து. மனைவியும் மகளும் மச்சான் வீட்டில். தானும் அங்கே போய்ப் படுத்தால் மாப்பிள்ளை மரியாதை என்னாவது? "தலைக்கு மேல வேலை, ஆபீஸ் ரூம் குடுத்திருக்கு" என்று அளந்துவிட்டார். அவளும் நம்பினாள். ஆனால் அண்ணி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள ஆரம்பித்ததும், "எப்பங்க வீடு பாப்பீங்க?" என்று தினமும் ஃபோன்.

அந்த நேரம் பார்த்துக் கம்பெனிக்கு ஒரு வேலை வந்தது. வீடில்லாதவர்களை ஒதுக்காதீர்கள் என்று ஊருக்குப் புத்தி சொல்லும் போஸ்டர். ஏசி அறையில் உட்கார்ந்து எல்லோரும் உருகினார்கள். 'இவருக்கு வீடில்லை. உங்களுக்கு மனமில்லையா?' என்று வாசகம் கிடைத்துவிட்டது. முகம்தான் கிடைக்கவில்லை. எதிர் பிளாட்பாரத்தில் இருப்பவரைக் கூப்பிடலாமே என்றார் ஒருத்தர்.

"கேமரா, லைட்டெல்லாம் இருக்கு. அவங்களை எப்படிய்யா உள்ள விடறது?" என்ற முதலாளியின் கண் டிசைனர் மேல் விழுந்தது. கசங்கிய சட்டை, தூக்கம் கெட்ட முகம். "யோவ், அச்சு அசலா இருக்கியே. நீயே உக்காரு."

டிசைனர் சட்டையை நீவிவிட்டுக்கொண்டார். மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள். உட்கார்ந்தார். என்னமா நடிக்கிறான் என்று கை தட்டினார்கள்.

போஸ்டர் ஊரெல்லாம் ஒட்டியாயிற்று. மனைவிகூடப் பார்த்துச் சிரித்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை டிசைனர் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு, இருவரையும் கூட்டிக்கொண்டு வீடு பார்க்கப் போனார். இரண்டு அறை, நல்ல காற்று. மகள் ஜன்னலோரத்தை அப்போதே தனக்கென்று பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்காரர் உற்றுப் பார்த்தார். "போஸ்டர்ல இருக்கறது நீங்கதானே தம்பி?"

"அது சும்மா வேஷம் சார்."

"சும்மா சொல்லக் கூடாது, எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு. நானே ஒண்ணு வாங்கி வாசக்கதவுல ஒட்டியிருக்கேன்." குரலைத் தாழ்த்தினார். "வேஷமாவே இருக்கட்டும். ஆனா இந்த முகத்துக்கு வீடு குடுத்தா அக்கம்பக்கத்துல நாலு விதமா பேசுவாங்க. இனிமே தெரிஞ்சவங்க சொல்லி வர்றவங்களுக்குத்தான் குடுக்கப் போறேன். தப்பா எடுத்துக்காதீங்க."

"ஆபீஸ்ல ரூம் குடுத்திருக்காங்கன்னு எடுத்துச் சொல்லுங்களேங்க" என்றாள் மனைவி. டிசைனர் தலையைக் குனிந்துகொண்டார். அவமானம் பிடுங்கித் தின்றது. அவள் அவரையும் கதவிலிருந்த போஸ்டரையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் மகளை ஜன்னலிலிருந்து இறக்கினாள்.

வீட்டுக்காரர் மரியாதையாக வாசல் வரை வந்து வழியனுப்பினார். கதவில் போஸ்டரும் 'வீடு வாடகைக்கு' அட்டையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. போஸ்டரை அப்படியே விட்டுவிட்டு, அட்டையை மட்டும் கழற்றி உள்ளே எடுத்துப் போனார்.